எழுதினால் போதுமா? படிக்க ஆள் வேண்டாமா?

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாலு வரிக் கவிதை, மளிகை ஜாபிதாவுக்கு அடியில் பாதியில் நிற்கும் ஒரு கதை, பிள்ளைகளின் பழைய ரஃப் நோட்டில் யார் கண்ணிலும் படாமல் எழுதி வைத்த ஏதோ ஒன்று... நம்மில் எத்தனை பேரிடம் இப்படி இருக்கிறது என்று கணக்கெடுத்தால், தெருவுக்கு நாலு எழுத்தாளிகள் தேறுவார்கள் போலிருக்கிறது, சகோதரிகளே! "எழுது, எழுது" என்று தைரியம் சொல்லவும் இப்போது பலர் இருக்கிறார்கள். ஆனால் எழுதி முடித்த பிறகு அதை யார் படிப்பது என்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. இலை போட்டு, கூட்டு பொரியலோடு பரிமாறி வைத்துவிட்டு, சாப்பிட ஒருத்தரும் வராவிட்டால் சமைத்தவளுக்கு எப்படி இருக்கும்? புதிதாக எழுத வரும் பெண்ணின் மனசும் அப்படித்தான் இருக்கிறது.

மதுரையில் எங்கள் காலனிப் பெண்கள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறோம். ஆமாம், இந்தக் காலத்தில்தான்! "கைக்குக் கை செல்போன் இருக்கிறபோது இது எதுக்கு?" என்று என் வீட்டுக்காரரே கேட்டார். மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சாய்ந்துகொண்டு, தாளைக் கையில் பிடித்துப் படிக்கிற சுகம் ஆண்களுக்குச் சொன்னால் புரியுமா? ஆறு வருஷமாக நடக்கிறது. மாதம் ஒன்று, 40 பக்கம். அசல் பிரதி ஒன்று, ஜெராக்ஸ் ஆறு. ஆளுக்கு மாதம் 20 ரூபாய் போட்டால் செலவு சரியாகிவிடுகிறது. ஏழு பிரதியும் ஏழு மஞ்சள் பையில் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் இரண்டு நாள் இருக்கலாம்; மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். கடைசியில் நாலு தாள் வெறுமையாக விட்டு வைப்போம். படித்தவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுதலாம். அந்தக் காலத்துக் கையெழுத்துப் பத்திரிகைகளில் இருந்த பழக்கம் என்று எங்கள் டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தது. அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவர். நான் பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் எல்லார் எழுத்தையும் படியெடுத்து எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

அந்த வேலையில்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மாதக் கடைசியில் பைகள் திரும்பி வரும்போது, எந்தப் பக்கத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்று யாரையும் கேட்கவே வேண்டாம். பக்கமே சொல்லிவிடும்! ஆச்சியின் கைவைத்தியப் பக்கத்தில் எண்ணெய் விரல், மஞ்சள் கறை, ஒரு தரம் ரசமே சொட்டியிருந்தது. டீச்சரம்மா எழுதும் பயணக் கட்டுரையின் ஓரங்கள் நைந்து போயிருக்கும். கடைசி வீட்டு மதினியின் சிரிப்புக் கதையை யாரோ கிழித்தே எடுத்துக் கொண்டுவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களின் பக்கங்கள் மட்டும் சலவை வேஷ்டி மாதிரி மடிப்புக் கலையாமல் அப்படியே வரும். பின்னால் உள்ள வெற்றுத் தாள்களிலும் அவர்கள் பெயர் இருக்காது.

அப்படிப் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பெண், பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். வீட்டில் இவளும் மாமியாரும்தான். நாலு மாதம் ஒழுங்காக எழுதிக் கொடுத்தாள். நாலு மாதமும் அவள் பக்கம் மடிப்புக் கலையவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு சாயங்காலம் வாசல்படியிலேயே நின்றுகொண்டு, "அக்கா, இனிமே எனக்குப் பக்கம் ஒதுக்க வேணாம்க்கா, பேப்பரு வீணு" என்றாள்.

"ஏம்மா, உங்க அத்தை ஏதும் சொன்னாங்களா?"

"அத்தை ஒண்ணும் சொல்லலை. ஊருல இருக்கையில நான் பேசுனா கேக்க நாலு பேரு இருந்தாக. இங்க வந்து வாயே மறந்துபோச்சு. இதுல எழுதுனா இப்பிடி ஒருத்தி இந்தத் தெருவுல இருக்கான்னு தெரியும்னு நெனச்சேன். எழுதியும் யாருக்கும் தெரியலை. அதுக்கு எழுதாமயே இருந்துட்டா, எழுதலை அதான் தெரியலைன்னு மனசைத் தேத்திக்கலாம்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வது? "மனம் தளராதே, ஒரு நாள் விடியும்" என்று வசனம் பேச எனக்கு வராது. ஒரு மாதம் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மறுநாளே கிளம்பிவிட்டேன், வீடு வீடாக விசாரிக்க. ஏன் புதியவர்களைப் படிப்பதில்லை?

யாருக்கும் அவர்கள் மேல் விரோதம் கிடையாது. பாத்திரம் தேய்த்து, துணி மடித்து, பிள்ளைகள் ஸ்கூலில் இருந்து வருவதற்குள் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதற்குள் நாற்பது பக்கமும் படிக்க முடியுமா? தெரிந்த பெயர் எதுவோ அதைப் படிக்கிறார்கள். நாமும் அப்படித்தானே? தெருமுனையில் புதுசாக ஒரு இட்லிக் கடை வந்தால் உடனே போய்விடுகிறோமா? பழகின கடைக்குத்தான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரி, "அங்கே சட்னி நல்லா இருக்கு" என்று சொன்னால் மறுநாள் அங்கே நிற்போம். ஆகவே, புதியவள் தானாகக் கூவி ஆள் சேர்க்க முடியாது. பழைய ஆள் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கல்யாணமான புதுப்பெண்ணை மாமியார், "இது உன் பெரிய மாமனார், இது உன் சின்ன நாத்தனார்" என்று ஒவ்வொருவரிடமும் நிறுத்திக் காட்டுவதில்லையா, அந்த மாதிரி.

முதலில் இடத்தை மாற்றினோம். படைப்புகள் வந்த வரிசையில் பக்கம் கொடுப்பது வழக்கமாக இருந்தது. புதியவர்கள் தயங்கித் தயங்கிக் கடைசி நாளில் கொடுப்பார்கள். கடைசிப் பக்கம்தான் கிடைக்கும். இப்போது ஆச்சியின் கைவைத்தியத்துக்கு எதிர்ப்பக்கம் புதியவர்களுக்கு என்று வைத்துவிட்டோம். சளிக்கு என்ன, வாயுவுக்கு என்ன என்று பார்க்க வருகிறவள் கண் எதிர்ப்பக்கத்திலும் விழாமல் போகுமா? தலைப்புக்கு மேல் பழைய உறுப்பினர் ஒருவர் இரண்டே வரியில் அறிமுகம் எழுதுவார். "நம் தெரு வேப்பமரத்து வீட்டு மருமகள், மிளகாய் விளையும் ஊரில் இருந்து வந்தவர்" என்ற அளவுக்குப் போதும். புகழ வேண்டாம். ஆள் யார் என்று தெரிந்துவிட்டாலே பாதிப் பேர் படிப்பார்கள்.

அடுத்தது எழுத்து. படிக்கிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, பாருங்கள். அந்தப் பெண் நாலு மாதம் எழுதியவற்றின் தலைப்புகள் என்ன தெரியுமா? "அன்னை", "இயற்கை", "வாழ்க்கை", "நட்பு". உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவை அடுக்களையில் யார் திறப்பார்கள்? சீரகமா சோம்பா என்று தெரிந்தால்தானே கை நீளும்! உள்ளேயும், எங்கேயோ படித்த பெரிய பெரிய வார்த்தைகள்தான். அவளுடைய குரலே அதில் இல்லை.

அவளை ஒரு நாள் சும்மா வீட்டுக்கு வரச் சொன்னேன். வருஷத்துக்கு ஆகிற மிளகாய்ப்பொடிக்காக வத்தலைக் காம்பு கிள்ளிக் கொண்டிருந்தேன். வந்தவள் ஒரு வத்தலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். "இது நீட்டு வத்தல். எங்க ஊருல குண்டு. குலுக்குனா வெதை சலசலன்னு சத்தம் கேக்கணும், அதான் காய்ஞ்சதுக்கு அடையாளம்" என்று ஆரம்பித்தாள். அப்புறம் நிற்கவே இல்லை! புரட்டாசி ஐப்பசி மழையை நம்பி நடுவது, பழுத்ததைப் பறித்துக் களத்தில் காயப்போடுவது, வெயில் ஏறுமுன் புரட்டி விடுவது, வெளுத்துப் போனதைத் தனியே பொறுக்குவது. அந்த வத்தலுக்கு, இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் 2023-ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்ததுகூட அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு பங்குனி ராத்திரி, களம் நிறைய வத்தல் கிடக்கும்போது திடீரென்று மழை பிடித்துக்கொண்டதாம். தார்ப்பாய் போதவில்லை. அவள் அம்மா வீட்டுக்குள் ஓடி, டிரங்குப் பெட்டியைத் திறந்து இருக்கிற சேலையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மூடினாளாம், தன்னுடைய கல்யாணக் கூறைப்புடவை உட்பட! வத்தல் பாதி பிழைத்தது. சேலைகளில் இருந்து காரம் போகவே இல்லை. எத்தனை தடவை அலசினாலும் போகவில்லை. பிறகு இவள் பெரியவளானபோது அந்தக் கூறைப்புடவையைத்தான் கட்டி உட்கார வைத்தார்களாம். சபையில் உட்கார்ந்து தும்மிக் கொண்டே இருந்தாளாம். சொல்லும்போது சிரிக்கிறாள், கண் மட்டும் கலங்குகிறது.

"ஏம்மா, இதை எழுதாமல் 'இயற்கை'யை ஏன் எழுதினாய்?"

"இதையெல்லாம் யாருக்கா படிப்பாக? வத்தல் காயப்போட்ட கதைதானே!"

எழுதிக் கொண்டுவந்தாள். முதல் ஒன்றரைப் பக்கம் விவசாயத்தின் பெருமை. இரண்டாவது பக்கத்தின் நடுவில்தான் மழை வருகிறது. புதிதாக எழுதுகிறவர்களிடம் நான் எப்போதும் பார்க்கிறது இதுதான். வாசலில் செருப்பை விட்டு, காலைக் கழுவி, கூடத்தைச் சுற்றிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். அதற்குள் படிக்கிறவள் அடுப்பை அணைக்கப் போய்விடுவாள். "மழையில் இருந்து ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, நானாக வெட்டவில்லை. படியெடுக்கும் என் கையில் பேனா இருக்கிறது என்பதற்காக இன்னொருத்தி எழுத்தில் ஒரு வார்த்தையைக்கூட அவளைக் கேட்காமல் மாற்றுவது சரியில்லை என்பது என் கட்சி. தலைப்பையும் அவளே வைத்தாள்: "தும்மல் போகாத கூறைப்புடவை". அடேயப்பா! அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் யாராவது புரட்டுவார்களா?

இதில் ஒரு சண்டையும் வந்தது. "இருந்தாக, வந்தாக" என்று அவள் ஊர்ப் பேச்சிலேயே அம்மாவின் வார்த்தைகளை எழுதியிருந்தாள். அதை "இருந்தார்கள், வந்தார்கள்" என்று திருத்த வேண்டும் என்று டீச்சரம்மா ஒற்றைக் காலில் நின்றார். ஒற்றுப்பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் திருத்துங்கள், அம்மாவின் பேச்சைத் திருத்தாதீர்கள் என்று நானும் விடவில்லை. இரண்டு நாள் டீச்சரம்மா என்னோடு பேசவில்லை! மூன்றாம் நாள், "சரி, மேற்கோள் குறிக்குள் இருப்பதை விட்டுவிடலாம்" என்று இறங்கி வந்தார்.

கடைசியில் அவள் ஒரு சின்னக் குறிப்பும் சேர்த்திருந்தாள். வத்தல் கிள்ளிய கை எரிந்தால் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து பயனில்லையாம். முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமாம். மிளகாயின் காரச் சத்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும் என்று என் மகள் பாடப்புத்தகம் படித்தவள் மாதிரி விளக்கம் சொன்னாள். குறிப்பில் தப்பில்லை என்று ஆச்சியும் சர்ட்டிபிகேட் கொடுத்தார். நம் பெண்களுக்கு வீட்டில் உதவுகிற ஒரு துணுக்கு இருந்தால், பக்கத்தை எடுத்து வைத்துக் கொள்வார்கள். இதை மட்டும் புதியவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுவேன். ஆனால் அதற்காகக் கதையில் எல்லாம் இட்லிப்பொடி செய்முறையைச் சொருக வேண்டாம்!

படிக்க முடியாதவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் கிளை நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் இடம் கொடுக்கிறார்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அந்த உரிமையில் போய் உட்கார்ந்து விடுவோம். புதியவர்கள் அங்கே தங்கள் எழுத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இதற்கு எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. குழந்தைப் பருவத்திலேயே கல்யாணம் ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தில் கதை சொல்லிச் சொல்லியே கற்பனையை வளர்த்தவர். எழுதப் பழகாத அந்த நாளில் அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படி உருவான "இந்திர மோகனா" நாடகம் 1924-ல் அச்சாகி வந்தது. மறு வருஷமே "ஜகன்மோகினி" பத்திரிகையை எடுத்து நடத்த ஆரம்பித்துவிட்டார். 1960-ல் காலமாகும்போது 115 நாவல்கள் எழுதியிருந்தார் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்! அவருக்கு முதலில் கிடைத்தது காதால் கேட்டவர்கள்தான். கண்ணால் படித்தவர்கள் அப்புறம்தான் வந்தார்கள்.

வாய்விட்டுப் படித்தால் இன்னொரு நன்மை. எந்த இடத்தில் கூட்டம் நெளிகிறது, எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது என்பது எழுதினவளுக்கே தெரிந்துவிடும். நாம் சொல்லி மனசைப் புண்படுத்த வேண்டியதில்லை.

இனி, கருத்துத் தாள். இதுதான் பெரிய வம்பு! மதுரைப் பக்கம் மொய் எழுதுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்கு நான் ஐந்நூறு எழுதினால் நாளைக்கு என் வீட்டு விசேஷத்தில் நீ ஐந்நூறு எழுத வேண்டும். எங்கள் கருத்துத் தாள்களும் அப்படித்தான் இருந்தன. "அருமை", "மிக அருமை", "வாழ்த்துகள் சகோதரி". எழுதினவள் பெயருக்குப் பதில் பெயர், கணக்கு நேராகிவிடும். மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் அடுத்த கல்யாணத்துக்கு ஓடுகிறவர்கள் மாதிரி, கதையைப் படித்தார்களா என்பதே சந்தேகம். புதியவள் இன்னும் யாருக்கும் மொய் எழுதவில்லை. அதனால் அவளுக்கு வரவும் இல்லை.

மதினிதான் ஒரு வழி சொன்னார். வெறும் "அருமை" என்று எழுதினால் உண்டியலில் ஒரு ரூபாய் அபராதம். படைப்பில் இருந்து ஒரு இடத்தையாவது சொல்லி எழுத வேண்டும். பிடிக்கவில்லை என்றாலும் எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். மூன்று மாதத்தில் 41 ரூபாய் சேர்ந்தது. அதிகம் கட்டியவர் மதினியேதான்! அதோடு புதியவர்களுக்கும் ஒரு வேலை கொடுத்தோம். தன் எழுத்தைக் கொடுக்குமுன் மற்ற மூன்று பேர் எழுதியதைப் படித்துக் கருத்து எழுத வேண்டும். இந்தப் பெண், டீச்சரம்மாவின் இராமேஸ்வரப் பயணத்தைப் படித்துவிட்டு, பாம்பன் பாலத்தில் ரயில் ஏறும்போது தங்கள் ஊர்ப் பெண்கள் கடலில் காசு போட்டுக் கும்பிடுவதைப் பற்றி நாலு வரி எழுதினாள். டீச்சரம்மா அந்த வாரமே, "யாரம்மா அந்தப் பெண்? விவரமாக எழுதியிருக்கிறாளே!" என்று அவளுடைய பக்கத்தைத் தேடிப் படித்தார். இதுவும் மொய்தானே என்று கேட்கலாம். இருக்கட்டுமே! ஆனால் இது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, ருசி சொல்லிவிட்டு எழுதுகிற மொய்.

புனைபெயர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இன்னொரு புதிய உறுப்பினர் முதல் மாதம் மகள் பெயரில் எழுதினார். அடுத்த மாதம் "நிலவுப் பிரியை", அதற்கடுத்த மாதம் குலதெய்வத்தின் பெயர். நன்றாகத்தான் எழுதினார். ஆனால் மூன்றும் ஒரே ஆள் என்று யாருக்குத் தெரியும்? போன மாதம் பிடித்தவரை இந்த மாதம் தேடுகிறவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? டாக்டர் திரிபுரசுந்தரி "லக்ஷ்மி" என்ற ஒரே பெயரில் காலமெல்லாம் எழுதினார். 1984-ல் சாகித்திய அகாதமி பரிசும் அந்தப் பெயருக்குத்தான் வந்தது. ரங்கராஜன் என்கிற ஆண்பிள்ளை, மனைவி பெயரான "சுஜாதா"வை எடுத்துக்கொண்டு கொடி கட்டிப் பறந்தார். நம் பெயருக்கு அவ்வளவு ராசி இருக்கும்போது நாம் ஏன் ஒளித்துக் கொள்ள வேண்டும்?

தொடர்கதையோடு வருகிறவர்களும் உண்டு. கல்கியின் "பொன்னியின் செல்வன்" 1950-ல் இருந்து 1954 வரை வாரா வாரம் வந்ததையும், மணியத்தின் படங்களையும் வீடுகளில் கிழித்துத் தைத்து வைத்ததையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா? ஆனால் கல்கி அதற்குள் எத்தனை வருஷம் எழுதிப் பழகிய கை! புதியவளின் இரண்டாம் அத்தியாயத்தை, முதல் அத்தியாயம் தவறவிட்டவர்கள் தொடவே மாட்டார்கள். முதலில் ஒரே மாதத்தில் முடிகிற மாதிரி நாலைந்து எழுதட்டும்.

"படிச்சீங்களா, படிச்சீங்களா?" என்று குழாயடியில் நிறுத்திக் கேட்பது கூடவே கூடாது. அப்படிக் கேட்ட ஒரு அம்மாளைக் கண்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதைவிட மோசம், அடுத்த வீட்டுச் சண்டையைப் பெயர் மாற்றிக் கதையாக எழுதுவது. ஒரு முறை அப்படி ஒன்று வந்தது. பிரதிகள் பறந்தன! ஆனால் அடுத்த மாதம் அந்த அம்மாள் வந்தால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், எங்கே நாமும் கதையில் வந்துவிடுவோமோ என்று. வேடிக்கை பார்க்கக் கூடுகிற கூட்டம் வேறு, வாசகர் வேறு.

எல்லாருக்கும் இந்த வழிகள் பலித்தன என்று சொல்ல மாட்டேன். அம்மன் பாட்டு எழுதும் ஒரு பெரியம்மாவுக்கு என்ன செய்தும் மூன்று பேருக்கு மேல் வாசகர் சேரவில்லை. அந்த மூவரும் ஆடி வெள்ளிக்கு அந்தப் பாட்டை வீட்டில் பாடுகிறார்கள். பெரியம்மாவுக்கு அதுவே நிறைவு. மூன்று வாசல் போதும் என்கிறார்.

பரமக்குடிப் பெண்ணின் கூறைப்புடவை வந்த மாதம், பைகள் திரும்பியதும் அவளையே கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னேன். அவள் பக்கத்தில் எண்ணெய்க் கறை! ஏதோ குழந்தை பென்சிலால் புடவைக்குக் கரை வேறு போட்டிருந்தது. கருத்துத் தாள்களில் பதினோரு கையெழுத்து. ஒருவர் குண்டு வத்தல் கிலோ என்ன விலை என்று கேட்டிருந்தார். ஒருவர் தன் அம்மாவின் சேலையைப் பற்றி ஒரு பக்கமே எழுதிவிட்டார். ஒருவர் மட்டும், "முடிவு சட்டென்று நின்றுவிட்டது, அந்தப் புடவை இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லையே" என்று குறைப்பட்டிருந்தார். அதைப் படித்தால் முகம் வாடிவிடுவாளோ என்று நான் பார்த்துக் கொண்டிருக்க, அவள் அதையே இரண்டு தரம் படித்தாள்.

"அக்கா, இவுக கடைசி வரைக்கும் படிச்சிருக்காகல்ல!" என்றாள்.

புடவை எங்கே இருக்கிறது என்பதை அடுத்த மாதம் எழுதினாள். அதற்கு அடுத்த மாதம் களத்துக்குக் காவல் இருந்த தாத்தாவைப் பற்றி எழுதினாள். தெருவில் நடந்தால் இப்போது நாலு வீட்டில், "என்னம்மா, இந்த மாசம் என்ன?" என்று கேட்கிறார்கள். நின்று பதில் சொல்கிறாள்.

அவள் மாமியாருக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. ஆனால் மஞ்சள் பை அவர்கள் வீட்டுக்கு வருகிற இரண்டு நாளும், அட்டையில் இருந்து கடைசித் தாள் வரை மருமகளைப் படித்துக் காட்டச் சொல்கிறாராம். "இவ நல்லா எழுதுறா, இவ அளக்குறா" என்று தீர்ப்பு வேறு! போன வாரம் மருமகள் என்னிடம் ஆறு பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கையெழுத்து அவளுடையது, பேச்சு மாமியாருடையது. சின்ன வயசில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக் கூலி வாங்கிய கதை. ராத்திரி விளக்கில் முடிச்சுப் போட்டதும், விரல் நகம் தேய்ந்ததும், தான் முடிச்சுப் போட்ட சேலையில் ஒன்றைக்கூட அப்போது கட்டிப் பார்க்காததும் அதில் இருக்கிறது.

ஆச்சியின் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒதுக்கிவிட்டேன். அறிமுகம் எழுதுகிறேன் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். தலைப்புத்தான் இன்னும் வரவில்லை. "அத்தையே யோசிக்கிறாக" என்று மருமகள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.